விற்கும்போது கேட்காத கேள்வி: மருத்துவக் காப்பீட்டில் கிளெய்ம் ஏன் இழுபறியாகிறது?

2023-24 நிதியாண்டில் இந்தியாவின் பொதுக் காப்பீட்டு, மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களின் முன் இருந்த மருத்துவக் கிளெய்ம்களின் மொத்தத் தொகை ஏறத்தாழ 1.17 லட்சம் கோடி ரூபாய். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆண்டறிக்கைக் கணக்குப்படி அதில் கொடுக்கப்பட்டது 83,493 கோடி, அதாவது நூற்றுக்கு 71 ரூபாய். பாலிசி நிபந்தனைகளைக் காட்டி 15,100 கோடி வெட்டப்பட்டது. அடியோடு நிராகரிக்கப்பட்டது 10,937 கோடி. ஆண்டு முடிந்தபோது 7,584 கோடி முடிவாகாமல் நின்றது.

நிறுவனங்கள் விளம்பரத்தில் காட்டும் எண் வேறு. நூற்றுக்கு இத்தனை கிளெய்ம்களைத் தீர்த்துவைத்தோம் என்பார்கள். அது எண்ணிக்கைக் கணக்கு. இரண்டு லட்சம் கேட்டவருக்கு ஒன்றேகால் லட்சம் கொடுத்தாலும் அந்தக் கணக்கில் அது தீர்த்துவைத்த கிளெய்ம்தான். மீதி முக்கால் லட்சத்துக்காக நகை அடகுக்குப் போனது எந்த விளம்பரத்திலும் வராது.

இந்த இழுபறிக்கு நம்மிடையே இரண்டு விளக்கங்கள் புழங்குகின்றன. கம்பெனிக்காரர்கள் ஏமாற்றுகிறார்கள் என்பது ஒன்று. பாலிசியைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் இப்படித்தான் ஆகும் என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் கிளெய்ம் தகராறுகளை வகைவகையாகப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றுக்கு அடியில் ஒரே காரணம் கிடக்கிறது. பாலிசி விற்கும் நாளில் நடந்திருக்க வேண்டிய விசாரணை, கிளெய்ம் வரும் நாளுக்குத் தள்ளிப்போடப்படுகிறது. விற்கும்போது யாரும் எதையும் துருவிக் கேட்பதில்லை. பணம் கொடுக்க வேண்டிய நேரம் வந்ததும் எல்லாமே கேள்வியாகிவிடுகிறது. அந்த நேரத்தில் கேட்கப்படுபவர் மருத்துவமனைக் கட்டிலில் இருக்கிறார்.

மூன்று அலுவலகங்களுக்கு நடுவே

பொதுக் காப்பீட்டுத் துறை 1973 ஜனவரி 1 முதல் நாட்டுடைமையாகி, கொல்கத்தா, மும்பை, டெல்லி, சென்னை ஆகிய நகரங்களைத் தலைமையிடமாகக் கொண்ட நான்கு நிறுவனங்களாக இயங்கியது. 'மெடிக்ளெய்ம்' என்ற பெயரில் மருத்துவக் காப்பீடு வந்தது 1986-இல். அப்போது நடைமுறை எளிது. கையிலிருந்து செலவழித்துவிட்டு, பில்களைக் கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுத்துப் பணம் திரும்பப் பெற வேண்டும். தாமதம் இருந்தது, ஆனால் பேச வேண்டிய இடம் ஒன்றுதான்.

1999-இல் ஒழுங்குமுறை ஆணையச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே தனியார் நிறுவனங்கள் நுழைந்தன. 2001-இல் டிபிஏ எனப்படும் இடைநிலை நிர்வாக நிறுவனங்களுக்கான விதிகள் வந்தன. 'கேஷ்லெஸ்' பரவியது. கையில் பணமில்லாமல் மருத்துவமனைக்குள் நுழையலாம் என்பது பெரிய முன்னேற்றம், ஐயமில்லை. ஆனால் நோயாளி மூன்று அலுவலகங்களுக்கு நடுவே வந்து நின்றார். மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க் "நாங்க அனுப்பிட்டோம் சார், டிபிஏகிட்டேருந்து அப்ரூவல் வரலை" என்கிறது. டிபிஏயின் தொலைபேசிக் குரல் "ஆஸ்பத்திரியில குவெரிக்குப் பதில் வரலை" என்கிறது. காப்பீட்டு நிறுவனமோ டிபிஏயைக் கேட்கச் சொல்கிறது. முடிவெடுக்கும் மருத்துவர் யார், எந்த ஊரில் இருக்கிறார், எந்தக் காகிதத்தைப் பார்த்து முடிவெடுத்தார் என்பது நோயாளிக்குத் தெரிவதில்லை. பிரீமியம் வாங்கியது ஒரு நிறுவனம். பதில் சொல்லும் கடமை மட்டும் மூன்று துண்டாகிவிட்டது.

இதன் கூர்மை அதிகம் தெரிவது டிஸ்சார்ஜ் நாளில். காலையில் டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிடுகிறார். இறுதி பில் டிபிஏக்குப் போகிறது. மாலை வரை பதில் இல்லை. இரவாகிவிட்டால் இன்னொரு நாள் அறை வாடகை. இந்த அலைக்கழிப்பைத் தடுக்கத்தான் ஆணையம் 2024 மே 29-இல் வெளியிட்ட சுற்றறிக்கையில் நேரக்கெடு விதித்தது. கேஷ்லெஸ் கோரிக்கைக்கு 1 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜுக்கான இறுதி அனுமதி 3 மணி நேரத்துக்குள் வர வேண்டும். அதற்குமேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் கட்டணம் கேட்டால், அதை நிறுவனம் தன் பங்குதாரர் நிதியிலிருந்து ஏற்க வேண்டும். தேவையான ஆவணங்களை நோயாளியிடம் கேட்காமல் மருத்துவமனையிடமிருந்தே பெற வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. விதி தெளிவானது. அப்படியொரு விதி இருப்பது கவுன்ட்டரில் நிற்கும் குடும்பத்துக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல்.

பில்லில் விழும் வெட்டு

முழு நிராகரிப்பைவிட அதிகமான பேரைத் தொடுவது பகுதி வெட்டு. அதில் மிகுதியாக அதிர்ச்சி தருவது அறை வாடகை வரம்பு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாலிசித் தொகை 3 லட்சம். அறை வாடகை வரம்பு அதில் ஒரு சதவீதம், நாளுக்கு 3,000 ரூபாய். அந்த வாடகையில் அறை காலியில்லை என்றதால் 6,000 ரூபாய் அறையில் ஐந்து நாள் இருந்தார் நோயாளி. வாடகை 30,000. அறுவை சிகிச்சை நிபுணர், மயக்க மருந்து நிபுணர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் கட்டணங்கள் 1,20,000. மருந்து, பரிசோதனை 50,000. மொத்தம் 2 லட்சம். வாடகை வித்தியாசம் 15,000-ஐ மட்டும் நம் கையிலிருந்து கட்டினால் போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் தகுதிக்கு மேற்பட்ட அறை எடுத்தால், அந்த விகிதத்திலேயே மற்றக் கட்டணங்களும் குறையும் என்று பாலிசி சொல்கிறது. ஆகவே 1,20,000-இல் பாதி போய்விடும். கையிலிருந்து கட்ட வேண்டியது 75,000.

மருத்துவமனைகள் அறையின் தரத்துக்கேற்ப டாக்டர் கட்டணத்தையும் ஏற்றுகின்றன, அதனால்தான் இந்த விதி என்று நிறுவனங்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் அதற்கும் எல்லை இருக்கிறது. மருந்து, உடலில் பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றிலும் தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணத்திலும் இந்த விகித வெட்டு கூடாது என்று ஆணையம் 2020-இலேயே சொல்லிவிட்டது. அறைக்கேற்பக் கட்டணம் மாறாத மருத்துவமனையில் இந்த வெட்டே பொருந்தாது. வெட்டுச் சீட்டைக் கையில் வாங்குபவர் இவற்றைத் தெரிந்துகொண்டு வரிவரியாகச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது 'அட்மிஷனே தேவையில்லை' என்ற மறுப்பு. பரிசோதனைக்காக மட்டும் அனுமதிக்கப்பட்டால் பணம் இல்லை என்பது பொதுவான விலக்குகளில் ஒன்று. விதி நியாயமானதுதான். ஆனால் கடுங்காய்ச்சலோடு இரவில் வந்தவரையும், நெஞ்சுவலி என்று ஓடிவந்தவரையும் டாக்டர் அனுமதித்துக் கண்காணித்து, பெரிதாக எதுவுமில்லை என்று அனுப்பும்போது, வெளிநோயாளியாகவே பார்த்திருக்கலாமே என்று பல நாள் கழித்துக் காகிதத்தைப் பார்த்து முடிவு சொல்கிறார்கள். நெஞ்சுவலி மாரடைப்பு இல்லை என்பது பரிசோதித்த பிறகுதான் தெரியும். முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்று நோயாளியிடம் எதிர்பார்ப்பது அநீதி.

'முன்பே இருந்த நோய்'

எல்லாத் தகராறுகளிலும் கசப்பு மிகுந்தது இதுதான். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி இருக்கும்: பத்தாண்டாகச் சர்க்கரை நோய். அவசரப் பிரிவில் பயிற்சி டாக்டர், பதறிக்கொண்டிருந்த மகனைக் கேட்டு எழுதிய வரியாக அது இருக்கலாம். அதை வைத்து, விண்ணப்பத்தில் மறைத்தீர்கள் என்று கிளெய்ம் நிராகரிக்கப்படுகிறது, பாலிசியும் ரத்தாகிறது.

அந்த விண்ணப்பம் எப்படி நிரப்பப்பட்டது என்பதை நாம் அறிவோம். ஆங்கிலப் படிவம். நோய்களைப் பற்றிய வரிசையான கேள்விகளுக்கு ஏஜென்ட்டே 'இல்லை' என்று டிக் செய்துகொண்டு போகிறார். "பிபி எல்லாம் போட்டா லோடிங் (கூடுதல் பிரீமியம்) வரும், விடுங்கண்ணே" என்ற ஆறுதலும் கிடைக்கிறது. கடைசியில், படிவத்தில் உள்ளவை எனக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டன என்ற வாசகத்துக்குக் கீழே ஒரு கையெழுத்து. விற்பனைக்கான கமிஷன் அன்றே உறுதியாகிவிடுகிறது. ஐந்து நிமிடத்தில் பாலிசி என்பதே இன்று விற்பனை உத்தி. ஆனால் கிளெய்ம் வந்ததும் விசாரணையாளர் வீட்டுக்கு வருகிறார், பழைய மருந்துச் சீட்டு கேட்கிறார், பக்கத்து மருந்துக்கடையில் விசாரிக்கிறார். இந்த உழைப்பில் ஒரு பங்கை விற்பனை நாளில் செலவிட்டிருந்தால் தகராறே எழுந்திருக்காது.

நாட்டின் நோய்க் கணக்கையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷன் முன்னின்று நடத்தி 2023-இல் வெளியான ஆய்வின்படி, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர். உயர் ரத்த அழுத்தம் உள்ளோர் 35.5 சதவீதம். தங்களுக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள் இவர்களில் ஏராளம். மூன்றில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் உள்ள நாட்டில், சோதித்துப் பார்க்காமல் ஆரோக்கியமானவர் என்று ஏற்றுக்கொண்டு பிரீமியம் வாங்குவது நிறுவனம் தெரிந்தே எடுக்கும் முடிவு. அதன் விளைவை நோயாளியின் தலையில் மட்டும் சுமத்துவது முறையல்ல.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? காப்பீட்டு ஒப்பந்தம் உச்ச நல்லெண்ணத்தின் மீது நிற்கிறது, தனக்குத் தெரிந்ததையெல்லாம் காப்பீடு கேட்பவர் சொல்லியாக வேண்டும் என்பது நிறுவனங்கள் எப்போதும் எடுத்துக்காட்டும் கோட்பாடு. அது வேரூன்றிய வழக்கு 1766-இல் லண்டனில் மான்ஸ்பீல்டு பிரபு தீர்ப்பளித்தது. சுமத்ரா தீவின் பென்கூலனில் இருந்த மார்ல்பரோ கோட்டையின் ஆளுநர் கார்ட்டர், அந்நிய எதிரி கோட்டையைப் பிடித்தால் வரும் இழப்புக்குக் காப்பீடு எடுத்திருந்தார். 1760-இல் பிரெஞ்சுப் படை அதைப் பிடித்தது. கோட்டை பலவீனமானது என்பதையும் பிரெஞ்சுத் தாக்குதலுக்கு வாய்ப்பிருந்ததையும் மறைத்துவிட்டார் என்று காப்பீடு அளித்த போம் பணம் தர மறுத்தார். கோட்பாட்டைத் தெளிவாக வகுத்த அதே தீர்ப்பில் வென்றது கார்ட்டர்தான். காப்பீடு அளிப்பவர் தாமே அறிந்ததையும், அறிந்திருக்க வேண்டியதையும் மற்றவர் சொல்லவில்லை என்று குறை கூற முடியாது. ஆபத்தைத் தெரிந்தே பிரீமியம் வாங்கிக்கொண்டு, இழப்பு வந்தபின் அதையே காரணம் காட்ட முடியாது. நல்லெண்ணம் இரு தரப்புக்கும் உரியது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். நம் ஊர்க் கிளெய்ம் நிராகரிப்புக் கடிதங்கள் அந்தக் கோட்பாட்டின் ஒரு பாதியை மட்டும் வைத்துக்கொண்டிருக்கின்றன.

இந்திய உச்ச நீதிமன்றம் இரண்டு பாதியையும் பார்த்திருக்கிறது. 2009-இல் சத்வந்த் கௌர் சந்து வழக்கில், சிறுநீரகம் கடுமையாகப் பழுதுபட்டிருந்ததைச் சொல்லாமல் எடுத்த பாலிசிக்குப் பணம் தர வேண்டியதில்லை என்று நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 2021 டிசம்பரில் மன்மோகன் நந்தா வழக்கில் வேறு நிலைமை. தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதைச் சொல்லி வெளிநாட்டுப் பயணக் காப்பீடு எடுத்தவர், சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியதும் மாரடைப்புக்கு ஆளானார். உடல்நிலையை மதிப்பிட்டுப் பாலிசி கொடுத்துவிட்ட பின், ஏற்கெனவே தெரிவிக்கப்பட்ட நோயைக் காட்டி மறுக்க முடியாது என்றது நீதிமன்றம்.

விதிகளும் மெல்ல நகர்ந்திருக்கின்றன. 2024 ஏப்ரல் முதல், முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 4 ஆண்டிலிருந்து 3 ஆண்டாகியிருக்கிறது. தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டியிருந்தால், மோசடி நிரூபிக்கப்பட்டாலொழிய, மறைத்தீர்கள் என்று கிளெய்மை மறுக்க முடியாது. முன்பு இது 8 ஆண்டு. ஆயுள் காப்பீட்டில் 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு இன்னும் வலுவானது. 3 ஆண்டு கடந்த பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் கேள்விக்குள்ளாக்க முடியாது.

காரும் வயலும்

மருத்துவத்துக்கு வெளியேயும் இதே நிலைதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய கார்களின் உரிமையாளர்கள் பலர், முழுக் காப்பீடு இருந்தும் இன்ஜினுக்குப் பணம் கிடைக்காது என்பதை அப்போதுதான் அறிந்தார்கள். தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் வெள்ளத்தின் நேரடிச் சேதம் ஆகாது, அதற்குத் தனி இணைப்புப் பாலிசி வேண்டும் என்றார்கள். வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் கார் வைத்திருப்பவருக்கு இதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

பயிர்க் காப்பீட்டில் குறை வேறு வடிவம் எடுக்கிறது. 2016-இல் தொடங்கிய பிரதமரின் திட்டத்தில் உணவுப் பயிருக்கு விவசாயியின் பங்கு காரிப் பருவத்தில் 2 சதவீதம், ராபியில் 1.5 சதவீதம். பிரீமியம் குறைவு, நல்லது. ஆனால் மகசூல் இழப்பு தனி வயலுக்குக் கணக்கிடப்படுவதில்லை. அறிவிக்கப்பட்ட பகுதியில் நடக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையின் சராசரியே எல்லோருக்கும் விதி. பக்கத்து வயல்கள் தப்பித்தால் தன் சம்பா முழுதும் பாழானவருக்கும் ஒன்றும் இல்லை. உள்ளூரளவில் நேர்ந்த சேதத்துக்குத் தனி மதிப்பீடு உண்டு. அதற்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். வயலில் தண்ணீர் நிற்கும்போது அந்தக் கெடுவை யார் அவருக்கு நினைவூட்டுகிறார்கள்?

நிறுவனங்களின் தரப்பு

அவர்கள் சொல்வதையும் நேர்மையாக எடைபோட வேண்டும். போலி பில்கள் உண்டு. காப்பீடு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கட்டணம் சொல்லும் மருத்துவமனைகள் உண்டு. காப்பீடு என்பது ஊர் கூடிப் போட்ட பொதுப்பணம். ஒருவர் பொய்யாக எடுத்தால் அடுத்த ஆண்டு எல்லோருடைய பிரீமியமும் ஏறும். மருத்துவமனைக் கட்டணத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் காப்பீட்டு ஆணையத்துக்கு இல்லை என்பதும் உண்மை. மருத்துவமனை ஏற்றுகிறது, நிறுவனம் வெட்டுகிறது, இடைவெளியை நோயாளி நிரப்புகிறார். ஆனால் இவை எல்லாம் சொல்வது ஒன்றைத்தான்: சரிபார்ப்பு வேண்டும். அதை எப்போது, யாரிடம் செய்வது என்பதே கேள்வி. மருத்துவமனையோடு விலை பேசுவது நிறுவனத்தின் வேலை. அந்தப் பேரத்தில் தோற்ற தொகையை நோயாளியிடம் வசூலிப்பது சரிபார்ப்பு ஆகாது.

அதிலும் தேவையற்ற காகிதம் கேட்டு இழுத்தடிப்பதை நீதிமன்றமே கண்டித்திருக்கிறது. 2022-இல் குர்மேல் சிங் வழக்கில், திருடுபோன லாரியின் பதிவுச் சான்றுக்குச் சான்றளிக்கப்பட்ட நகல் இல்லை என்று நிறுவனம் பணம் தரவில்லை. திருட்டுப் புகாரால் பதிவு விவரங்கள் முடக்கப்பட்டதால் போக்குவரத்து அலுவலகம் அந்த நகலைத் தர மறுத்திருந்தது. உரிமையாளரால் தர முடியாத ஆவணத்தைக் கேட்டு மறுப்பது கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, அவருக்குப் பணம் கொடுக்க உத்தரவிட்டது.

முறையிடும் வழிகள்

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார். நிராகரித்ததற்கான காரணத்தைப் பாலிசியின் எந்த விதியின்படி என்று எழுதிக் கேட்பது நம் உரிமை. நிறுவனத்தின் மறுபரிசீலனைக் குழு ஒப்புதல் தராமல் எந்தக் கிளெய்மையும் நிராகரிக்கக் கூடாது என்பதும் 2024 சுற்றறிக்கையில் இருக்கிறது. அந்த ஒப்புதல் உண்டா என்றும் கேட்கலாம். ஆணையத்தின் 'பீமா பரோசா' தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகாரைப் பதியலாம்.

ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் ஏற்கத்தக்கதாக இல்லை என்றால், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழகத்துக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. 2023 முதல் 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை அவர் விசாரிக்கலாம். அவரது உத்தரவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 30 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் நாளுக்கு 5,000 ரூபாய் வீதம் பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் கொடுக்க வேண்டும். அதிலும் நிறைவு இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். காலக்கெடு 2 ஆண்டு. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது.

வழிகள் இருக்கின்றன; நடந்து போகத் தெம்பு வேண்டும். கணவனை இழந்த பெண், கீமோதெரபிக்கு நடுவே இருப்பவர், மகன் வெளிநாட்டிலிருக்கும் முதியவர் ஆகியோர்தான் பெரும்பாலும் கிளெய்ம் கேட்பவர்கள். போராடினால் கிடைக்கும் என்ற நிலையே போராட முடியாதவருக்கு மறுப்புதான். எத்தனை பேர் பாதியில் கைவிட்டார்கள் என்பதை எந்த ஆண்டறிக்கையும் எண்ணுவதில்லை.

மாற வேண்டியவை

விற்பனை நாளில் சரிபார்க்காத எதையும் கிளெய்ம் நாளில் மறைப்பு என்று சொல்ல நிறுவனத்துக்கு உரிமை இருக்கக் கூடாது. ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகிய இரண்டுக்கும் விற்பனைக்கு முன் சோதனை கட்டாயமாக வேண்டும். அதன் செலவு பெரிதல்ல. சோதிக்காமல் விற்றால் அந்த ஆபத்தை நிறுவனமே ஏற்க வேண்டும். விண்ணப்பக் கேள்விகளும் பதில்களும் தமிழில் கேட்கப்பட்டு, குரல் பதிவாகப் பாதுகாக்கப்பட வேண்டும். பாலிசியின் சாரத்தை விளக்கும் தகவல் தாளை வாடிக்கையாளர் விரும்பினால் வட்டார மொழியில் தர வேண்டும் என்பது ஏற்கெனவே விதி. கேட்காமலே தரப்பட வேண்டும். விளம்பரங்களில் கேட்ட தொகையில் எவ்வளவு கொடுக்கப்பட்டது என்ற விகிதமே வர வேண்டும். மருத்துவமனைக் கட்டணங்களுக்குத் தனி ஒழுங்குமுறை அமைப்பு வேண்டும்.

வாங்குகிற நாமும் செய்யக்கூடியவை உண்டு. இருக்கிற நோயை எல்லாம் எழுதுங்கள், பிரீமியம் ஏறினாலும் சரி. படிவத்தை நிரப்பியது யாராக இருந்தாலும் நகல் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். பாலிசி வந்தபின் 30 நாள் வரை பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம்; அந்த 30 நாளுக்குள் அறை வாடகை, காத்திருப்புக் காலம், விலக்குகள் ஆகிய மூன்றையும் படித்துவிடுங்கள். அட்மிஷனின்போது நோய் வரலாற்றைத் தெரிந்தவரே டாக்டரிடம் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் தவறு இருந்தால் அங்கேயே திருத்தக் கேளுங்கள்.

ஆனால் இவற்றையெல்லாம் கடைப்பிடிக்காதவருக்குப் பணம் மறுப்பது நியாயம் என்று இதற்குப் பொருளில்லை. நோயின் நடுவே கணக்குப் பார்க்க வேண்டியிராத நிம்மதிக்காகத்தான் மக்கள் ஆண்டுதோறும் பிரீமியம் கட்டுகிறார்கள். அந்த நிம்மதியைத்தான் நிறுவனங்கள் விலைக்கு விற்கின்றன. விற்ற பொருளைக் கொடுக்க வைப்பது அரசின் பொறுப்பு. நோயாளியின் மன உறுதியை நம்பி அந்தப் பொறுப்பை விட்டுவைக்கக் கூடாது.